எச்சத்தை முற்றாக்குதல்: ஆங்கில 'இஃப்', 'தோ' வாக்கியங்களை வாசிப்பது குறித்து

1

ஆங்கிலம் வழியாகக் கோட்பாடு வாசிக்கிற தமிழ் வாசகனுக்குக் கலைச்சொற்கள்தாம் பெரிய தடை என்றொரு நம்பிக்கை நம்மிடம் ரொம்ப நாளாக இருந்துவருகிறது. 'டிஸ்கோர்ஸ்' என்பது சொல்லாடலா உரையாடலா, 'டெக்ஸ்ட்' என்பது பிரதியா பனுவலா என்று நாம் போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் சண்டை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் புத்தகங்களைத் தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படித்ததில் எனக்குப் பட்டது வேறு. அர்த்தம் அதிகமாகச் சிந்துகிற இடம் வினைதான். அதிலும் 'இஃப்' என்றும் 'தோ' என்றும் ஆரம்பிக்கிற சின்னச் சின்னத் துணைவாக்கியங்களின் வினை. எழுதியவர் எதை நடந்ததாகச் சொல்கிறார், எதை வைத்துப் பார்க்கிறார், எதை ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்கிறார் என்பதெல்லாம் அந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. நம் வாசிப்பு அங்கே கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறது.

ஆங்கில இலக்கணத்தில் இதற்கென்று ஒரு வினைப்பாங்கு உண்டு. சப்ஜங்டிவ் என்று பெயர். 'நான் இருந்தேன்' என்பதற்கு 'ஐ வாஸ்' என்று சொல்கிறவர், 'நான் நீயாக இருந்தால்' என்னும்போது 'இஃப் ஐ வேர் யூ' என்றுதான் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்வார்கள். அந்த 'வேர்' சப்ஜங்டிவ். நானூறு வருஷத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் இது இன்னும் தாராளமாகப் புழங்கியது. 'அவன் ஏழையாக இருந்தால்' என்பதற்கு 'இஃப் ஹி பி புவர்', 'ஏழையாக இருந்தாலும்' என்பதற்கு 'தோ ஹி பி புவர்'. 'இஸ்' வரவேண்டிய இடத்தில் வெறும் 'பி' வந்து நிற்கும்.

இதற்குத் தரப்படுகிற வழக்கமான விளக்கத்தை இப்படிச் சொல்லலாம். ஒரு வாக்கியத்தைச் சொல்வது வேறு, அதன் கீழே கையெழுத்துப் போடுவது வேறு. பத்திர எழுத்தர் பத்திரத்தை வாசித்துக் காட்டுகிறார் என்பதற்காக அவர் சொத்தை எழுதிக் கொடுத்தவர் ஆகிவிடமாட்டார். சாதாரண வினை கையெழுத்துப் போடுகிறது. சப்ஜங்டிவ் வாசித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. 'தோ ஹி இஸ் புவர்' என்றால் அவன் ஏழை என்று நானே ஒத்துக்கொள்கிறேன். 'தோ ஹி பி புவர்' என்றால் ஏழையோ இல்லையோ அது என் பொறுப்பில்லை, அப்படியே இருந்தாலும் மேலே சொல்ல வந்தது நிற்கும் என்று அர்த்தம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வினைப்பாங்கு ஆங்கிலத்தில் அழிந்துகொண்டு வருவதால் ஆங்கிலேயனின் சிந்தனை நுட்பமும் கூடவே அழிகிறது என்பது ஒன்று. இப்படியொரு வடிவமே இல்லாத மொழிகளில் 'இப்படி இருந்திருந்தால்' என்று சுத்தமாக யோசிக்கவே முடியாது என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது என் வாதம். ஆனால் வடிவத்தின் மேல் ஏற்றிவைத்த பெருமை பொய் என்பதால், அந்த வடிவம் எழுப்புகிற கேள்வியும் பொய்யாகிவிடாது. அதுதான் இங்கே எனக்கு முக்கியம்.

2

முதலில் வடிவத்தின் கதை. பழைய ஆங்கிலத்தில் சப்ஜங்டிவுக்குத் தனி விகுதிகள் இருந்தன. ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று. அழுத்தம் விழாத கடைசி அசைகள் காலப்போக்கில் மங்கி மழுங்கியபோது அந்த விகுதிகளும் போயின. யாரும் சிந்திக்கச் சோம்பல்பட்டு அதைக் கைவிடவில்லை. ஒலி தேய்ந்தது, விகுதி விழுந்தது, அவ்வளவுதான். மிஞ்சியது என்ன? நிகழ்காலத்தில், படர்க்கை ஒருமையில் 'ஸ்' விகுதி வராமல் நிற்கிற வெறும் வினை, கூடவே 'பி'. இறந்தகாலத்தில் 'வேர்' ஒன்றே ஒன்று. அந்த 'வேர்' கூட 'நான்', 'அவன்', 'அவள்', 'அது' ஆகியவற்றோடு வந்தால்தான் வித்தியாசம் தெரியும். 'நாங்கள்', 'நீ', 'அவர்கள்' என்று வந்தால் சாதாரண இறந்தகாலமும் 'வேர்'தான்.

அதாவது, ஆயிரக்கணக்கான ஆங்கில வினைகளில் ஒரே ஒரு வினை, அதுவும் தன்மை ஒருமையிலும் படர்க்கை ஒருமையிலும் மட்டும், இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. 'என்னிடம் காசு இருந்தால்' என்று ஏக்கத்தோடு சொல்கிற ஆங்கிலேயன் 'இஃப் ஐ ஹேட் மணி' என்கிறான். 'ஹேட்' சாதாரண இறந்தகால வினை. அங்கே இல்லாமையை உணர்த்துவது காலம் பின்னால் தள்ளப்பட்டிருப்பதே. டென்மார்க்கைச் சேர்ந்த இலக்கண அறிஞர் யெஸ்பர்சன் 1924இலேயே இதைக் கற்பனைக்கான இறந்தகாலம் என்ற ரீதியில் விளக்கிவிட்டார். 1926இல் ஃபவுலர் தம் பயன்பாட்டு அகராதியில், குறிப்பிட்ட சில இடங்கள் நீங்கலாகச் சப்ஜங்டிவ் சாகக் கிடக்கிறது என்று எழுதினார். 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணம் 'இஃப் ஐ வேர்' என்பதைச் சப்ஜங்டிவ் என்று சொல்லவே மறுத்து, 'இர்ரியாலிஸ் வேர்', அதாவது நனவல்லாததைக் குறிக்கும் 'வேர்', என்று தனியாக ஒதுக்கி வைத்தது. அந்த ஒற்றை வினைக்காக ஒரு முழு வினைப்பாங்கைச் சுமப்பது தேவையற்றது என்பது அவர்கள் பார்வை.

அப்படியானால் இந்த 'வேர்' மேல் ஏன் இவ்வளவு பிடிவாதம்? 'இஃப் ஐ வாஸ்' என்கிற வழக்கு நேற்று முளைத்ததல்ல. 17ஆம் நூற்றாண்டு எழுத்திலேயே இருக்கிறது. அதைக் கேட்கிறவர் யாருக்கும் அர்த்தம் புரியாமல் போவதில்லை. 'வேர்' காப்பாற்றுவது அர்த்தத்தைக் காட்டிலும் அந்தஸ்தை. அதற்கான சாட்சியம் மொழிக்குள்ளேயே கிடக்கிறது. 'அவன் வீட்டில் இருக்கிறானா என்று கேட்டேன்' என்பதில் கற்பனையும் இல்லை, மறுப்பும் இல்லை. அங்கேயும் 'இஃப்' வருகிறதே என்று பயந்துபோய் 'ஐ ஆஸ்க்ட் இஃப் ஹி வேர் அட் ஹோம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. விதியின் அர்த்தம் தெரிந்தவன் அங்கே 'வேர்' போடமாட்டான். விதியை மீறினால் கேவலம் என்று மட்டும் தெரிந்தவன்தான் போடுவான். இலக்கணம் அதிகாரமாகச் செயல்படும்போது இப்படித்தான் நடக்கும்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. சாகக் கிடக்கிறது என்று சொல்லப்பட்ட சப்ஜங்டிவ் இருபதாம் நூற்றாண்டில் ஓரிடத்தில் மட்டும் பிழைத்து வளர்ந்தது. 'அவர் ராஜினாமா செய்ய வேண்டும் என்று கோருகிறேன்' என்பதற்கு 'ஐ டிமாண்ட் தட் ஹி ரிசைன்' என்று வருமே, அந்த இடத்தில். முதலில் அமெரிக்க ஆங்கிலத்தில், பிறகு பிரிட்டிஷ் ஆங்கிலத்தில். 'இருந்தால்', 'இருந்தாலும்' என்று தயங்குகிற இடத்தில் வற்றிப்போன வினைப்பாங்கு, கோரிக்கையும் உத்தரவும் தீர்மானமும் போடுகிற இடத்தில் தழைக்கிறது. நுட்பமான ஐயத்தின் கருவி இது என்று புலம்புகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

3

அந்தஸ்துப் பிரச்சினையை ஒதுக்கிவிட்டு அர்த்தத்துக்கே வருவோம். சப்ஜங்டிவ் வந்தால் கையெழுத்து இல்லை, சாதாரண வினை வந்தால் கையெழுத்து உண்டு என்ற வாய்பாடு உண்மையிலேயே எல்லா இடத்திலும் செல்லுமா?

1611இல் வெளியான ஆங்கில வேதாகமத்தை எடுத்துக்கொள்வோம். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 8:9இல் கிறிஸ்து செல்வராயிருந்தும் ஏழையானார் என்று வருகிறது. அங்கே 'தோ'வுக்குப் பின் வருகிற வினை 'வாஸ்'. எபிரெயர் 5:8இல் அவர் குமாரனாயிருந்தும் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்று வருகிறது. அங்கே 'தோ'வுக்குப் பின் 'வேர்'. வாய்பாட்டின்படி வாசித்தால், கிறிஸ்து செல்வர் என்பதில் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சந்தேகமில்லை, அவர் தேவகுமாரன் என்பதில்தான் கையெழுத்துப் போடாமல் நழுவிவிட்டார்கள் என்று ஆகும்! பதினேழாம் நூற்றாண்டுத் திருச்சபை அறிஞர்கள் மீது இப்படி ஒரு நாத்திகத்தை ஏற்ற முடியாது. எபிரெயர் வசனத்தின் கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் வினைப்பாங்கே கிடையாது, எச்ச வடிவம்தான் இருக்கிறது. 'தோ' வந்தால் பின்னால் சப்ஜங்டிவ் வரலாம் என்பது அந்தக் காலத்து எழுத்துப் பழக்கம். 1881இல் புதிய ஏற்பாட்டின் திருத்திய பதிப்பு வந்தபோது எபிரெயரிலும் 'வாஸ்' என்று மாற்றிவிட்டார்கள். நெடுங்காலமாக நம்மிடையே வழங்கும் தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் '-இருந்தும்' என்ற ஒரே வடிவம்தான். அதில் குழப்பத்துக்கே இடமில்லை. ஏன் இல்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பிரெஞ்சைப் பார்த்தால் வாய்பாடு இன்னும் கவிழ்ந்துபோகிறது. 'இருந்தபோதிலும்' என்று பொருள்தரும் பிரெஞ்சு இணைப்புச்சொற்களுக்குப் பின்னால், கண்ணெதிரே நிற்கிற உண்மையாக இருந்தாலும் சப்ஜங்டிவ்தான் வரவேண்டும். ஆனால் 'இருந்தால்' என்று கற்பனை பண்ணுகிற 'ஸி' வாக்கியத்தில், எவ்வளவு நடக்காத விஷயமாக இருந்தாலும், இன்றைய வழக்கில் சாதாரண இறந்தகாலத் தொடர்வினைதான் வரும். உண்மைக்குச் சப்ஜங்டிவ், கற்பனைக்குச் சாதாரண வினை! ஆக, வினைப்பாங்கு என்பது நனவுக்கும் கற்பனைக்கும் இடையே இயற்கை போட்ட எல்லைக்கோடு அல்ல. ஒவ்வொரு மொழியும் தன் வரலாற்றின் போக்கில் போட்டுக்கொண்ட வேலி.

'இஃப்' வாக்கியத்திலும் அப்படித்தான். 'இருந்திருந்தால்' என்று வந்தால் அது நடக்கவில்லை என்று அர்த்தம் என்பார்கள். தத்துவ அறிஞர் ஆலன் ராஸ் ஆண்டர்சன் 1951இல் இதை மறுத்துக் காட்டினார். அவருடைய வாதத்தை நம்ம ஊர் உதாரணத்தில் சொன்னால் இப்படி: மயங்கிக் கிடக்கிற ஒருவனைப் பார்த்து டாக்டர், 'நாகம் கடித்திருந்தால் இமை இப்படித்தான் சரிந்திருக்கும்' என்கிறார். நாகம் கடிக்கவில்லை என்றா சொல்கிறார்? கடித்திருக்கிறது என்பதற்கு ஆதாரம் அல்லவா சேர்க்கிறார்! கையெழுத்துப் போடவில்லை என்பது சரி. போடாதது மறுத்ததாகாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதுதான் பள்ளிக்கூட இலக்கணத்தின் கோளாறு.

இருக்கட்டும். சப்ஜங்டிவ் போனபின் ஆங்கிலம் அந்த வித்தியாசத்தை இழந்துவிட்டதா? இல்லை, இடம் மாற்றிக்கொண்டது. வினை செய்த வேலையை இப்போது இணைப்புச்சொல் செய்கிறது. 'ஆல்தோ ஹி இஸ் புவர்' என்றால் ஏழை என்பது ஒத்துக்கொண்ட உண்மை. 'ஈவன் இஃப் ஹி இஸ் புவர்' என்றால் ஏழையோ என்னவோ. வினை இரண்டிலும் 'இஸ்'தான். வித்தியாசம் எங்கும் போய்விடவில்லை. வாசகன் இப்போது வேறு இடத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது.

4

இனி இரண்டாவது முடிவு: சப்ஜங்டிவ் இல்லாத மொழிக்காரர்களால் நடக்காததை யோசிக்க முடியாது என்பது. இதை வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ள முடியாது. 1981இல் ஆல்ஃபிரட் புளூம் என்ற அமெரிக்கர், சீன மொழியில் இதற்கான தனி வடிவம் இல்லாததால் சீனம் பேசுகிறவர்களுக்கு 'இப்படி நடந்திருந்தால்' வகைச் சிந்தனை கடினமாக இருக்கிறது என்று சோதனைகளோடு புத்தகமே எழுதினார். 1983இல் டெரி ஆவ் அதை மறுத்தார். கதையைச் சரளமான, வழக்கிலுள்ள சீனத்தில் எழுதிக் கொடுத்தபோது படித்தவர்கள் சிரமமில்லாமல் புரிந்துகொண்டார்கள். சோதிக்கப்பட்டது சிந்தனை என்று நினைத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பின் தரமும் அங்கே சோதனைக்கு உள்ளாகியிருந்தது.

தமிழை வைத்துப் பார்ப்போம். தத்துவக்காரர்கள் அடிக்கடி எடுத்தாளுகிற ஒரு ஜோடி வாக்கியம் உண்டு. எர்னஸ்ட் ஆடம்ஸ் 1970இல் முன்வைத்தது. 1963இல் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதை வைத்து அமைந்தது. தமிழில் இப்படி வரும்:

'ஆஸ்வால்ட் கென்னடியைக் கொல்லவில்லை என்றால் வேறு யாரோ கொன்றிருக்கிறார்கள்.'

'ஆஸ்வால்ட் கென்னடியைக் கொல்லாமல் இருந்திருந்தால் வேறு யாராவது கொன்றிருப்பார்கள்.'

முதலாவதை யாரும் ஒத்துக்கொள்வார்கள்; கென்னடி கொல்லப்பட்டது உண்மை, கொன்றவன் ஒருவன் இருக்கத்தானே வேண்டும். இரண்டாவதை ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால் பெரிய சதியொன்றை நம்ப வேண்டும். இந்த வித்தியாசத்தை ஆங்கிலம் காட்டுவது காலத்தைப் பின்னுக்குத் தள்ளியும் 'உட்' என்ற துணைவினையைச் சேர்த்தும்தான். 'வேர்' இங்கே எட்டியும் பார்க்கவில்லை. தத்துவக்காரர்கள் இரண்டாவது வகைக்குச் சப்ஜங்டிவ் நிபந்தனை என்று பெயர் வைத்திருப்பது பழக்கதோஷம். தமிழ் இதே வித்தியாசத்தை மூன்று இடத்தில் காட்டுகிறது. 'என்றால்' எதிர் 'இருந்திருந்தால்'; 'கொன்றிருக்கிறார்கள்' எதிர் 'கொன்றிருப்பார்கள்'; இவை போதாதென்று 'யாரோ' எதிர் 'யாராவது'. ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்திலும் ஒரே 'சம்ஒன்'. தமிழிலோ 'யாரோ' என்றால் ஆள் இருக்கிறான், அவன் யாரென்றுதான் தெரியவில்லை. 'யாராவது' என்றால் ஆளே இனிமேல்தான் முளைக்க வேண்டும். நடக்காததை யோசிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

விட்டுக்கொடுத்துப் பேசுகிற இடத்தில் தமிழ் இன்னும் வசதியானது. 'படித்தும் தேறவில்லை' என்றால் படித்தது நிச்சயம். 'படித்தாலும் தேறமாட்டான்' என்றால் படிப்பானோ மாட்டானோ. 'படிக்கட்டுமே, தேறட்டுமே, எனக்கென்ன?' என்றால் அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, நடந்துவிட்டுப் போகட்டும் என்று அனுமதி கொடுத்தாயிற்று. இந்த மூன்றாவதுதான் ஆங்கிலத்தின் பழைய 'பி'க்கு மிக நெருக்கமான உறவு. 'பி ஹி ரிச், பி ஹி புவர்' என்பதை 'பணக்காரனா இருக்கட்டும், ஏழையா இருக்கட்டும்' என்று யாரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். 'பி தட் அஸ் இட் மே' என்ற ஆங்கிலத் தொடருக்கு அகராதி பார்க்க வேண்டியதில்லை. 'அது எப்படியோ இருக்கட்டும்.' விட்டுக்கொடுத்தல் என்பது அடிப்படையில் அனுமதி கொடுத்தல் என்பதை இரண்டு மொழியும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், '-ஆலும்' என்ற வடிவத்தில். 'படித்தாலும் தேறமாட்டான்' என்பதில் முற்றுவினை எதிர்காலம் காட்டுவதால் தப்பித்தோம். 'அவர் பெரிய அறிஞராக இருந்தாலும் இதில் அவர் சொல்வதை ஏற்க முடியாது' என்று எழுதினால்? அவரை அறிஞர் என்று ஒத்துக்கொண்டாயிற்றா, இல்லையா? எழுதியவருக்கே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தே மறைத்தும் இருக்கலாம். 'ஆல்தோ' வந்தாலும் 'ஈவன் இஃப்' வந்தாலும் மொழிபெயர்ப்பாளர் யோசிக்காமல் '-ஆலும்' போட்டுவிட்டுப் போகிறார். '-இருந்தும்' என்றோ 'அறிஞர்தான், ஆனாலும்' என்றோ 'அறிஞராகவே இருக்கட்டும்' என்றோ எழுதத் தமிழில் வழி இல்லாமலில்லை. வழி இருந்தும் கையாளவில்லை என்பதுதான் புகார்.

5

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் நம் இலக்கணக்காரர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்ற கேள்வியும் எனக்கு முக்கியம். 'செய்தால்' என்று இன்று நாம் சொல்வதன் பழைய உருவம் 'செயின்'. தொல்காப்பியமும் நன்னூலும் அதை வினையெச்ச வாய்பாடுகளில் ஒன்றாக வைக்கின்றன. உண்மையா கற்பனையா என்று கேட்டுப் பிரிக்கவில்லை. முடிந்ததா முடியவில்லையா என்று கேட்டுப் பிரித்தார்கள். முடிந்தது முற்று, முடியாமல் இன்னொரு வினையை எதிர்பார்த்து நிற்பது எச்சம். ஐரோப்பிய இலக்கணம் பேசுகிறவனின் மனநிலையைத் தேடிப் போகிறது. நம் இலக்கணம் வாக்கியம் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கிறது. எனக்கு இரண்டாவது பார்வை அதிகம் பயன்படுகிறது. ஏனென்றால் பேசுகிறவன் கையெழுத்துப் போடுகிற இடம் முற்று. எச்சத்தை மட்டும் பிய்த்தெடுத்து அவன் தலையில் கட்ட முடியாது.

ஆனால் கோட்பாட்டு வாசிப்பில் நாம் திரும்பத் திரும்பச் செய்தது அதைத்தான். உதாரணத்துக்கு ஒன்று மட்டும். 1966இல் பிரெஞ்சிலும் 1970இல் ஆங்கிலத்திலும் வந்த ஃபூக்கோவின் 'சொற்களும் பொருள்களும்' நூலிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது 'மனிதனின் மரணம்' என்ற தொடர். தமிழ்ச் சிற்றிதழ் எழுத்திலும் அது 'மனிதன் இறந்துவிட்டான்' என்கிற ரீதியில் ஒரு முற்றுவாக்கியமாக, ஒரு பிரகடனமாகப் புழங்கியது. ஆதரித்தவர்கள் அதைக் கொடியாகப் பிடித்தார்கள்; எதிர்த்தவர்கள், மனிதனையே கொன்றுவிட்டால் விடுதலை யாருக்கு என்று கேட்டார்கள். இரு தரப்பும் ஒரே வாக்கியத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தன. அந்த வாக்கியம் நூலின் கடைசிப் பத்தியில் அப்படி இல்லை.

அந்தப் பத்தியில் இருப்பது இரண்டு 'இஃப்'கள். மனிதன் என்ற உருவத்தைச் சாத்தியமாக்கிய அறிவு ஏற்பாடுகள் மறைந்துபோக நேர்ந்தால் என்பது ஒன்று. ஏதோ ஒரு நிகழ்வு அவற்றைச் சரித்துவிட நேர்ந்தால் என்பது மற்றொன்று. அந்த நிகழ்வின் வடிவம் இன்னும் நமக்குத் தெரியாது என்றும் அங்கேயே சொல்லப்படுகிறது. இந்த இரண்டு எச்சமும் போய்ச் சேர்கிற முற்று எது? 'பந்தயம் கட்டலாம்' என்பது. ஃபூக்கோ கையெழுத்துப் போட்டிருப்பது பந்தயத்துக்கு மட்டும். மனிதன் அழிந்துபோவான் என்பது பந்தயத்தின் உள்ளடக்கம். கடற்கரை மணலில் வரைந்த முகம் எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. அதற்கு முன்னால் நிற்கிற இரண்டு 'இஃப்' ஒருவருக்கும் ஞாபகமில்லை.

இதில் நம் விஷயத்துக்கு ரொம்பப் பொருத்தமான ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டு 'இஃப்'களிலும் 'வேர் டு' வருகிறது. முதலாவதில் எழுவாய் பன்மை. ஆகவே அந்த 'வேர்' சப்ஜங்டிவா சாதாரண இறந்தகாலமா என்று பார்த்தால் தெரியாது. இரண்டாவதில் எழுவாய் ஒருமை. 'வாஸ்' வரவேண்டிய இடத்தில் 'வேர்' நிற்கிறது, சப்ஜங்டிவ் கண்ணுக்குத் தெரிகிறது. பிரெஞ்சு மூலத்திலோ இரண்டிலும் சப்ஜங்டிவே இல்லை. முன்னால் சொன்னபடி 'ஸி'க்குப் பின் சாதாரண இறந்தகாலத் தொடர்வினை. மூன்று விதமான வினை. ஆனால் மூன்றிலும் எழுத்தாளர் நிற்கிற இடம் ஒன்றே. வடிவத்தை மனப்பாடம் பண்ணினவன் மூன்றையும் வெவ்வேறாக வாசிப்பான். எச்சம் எங்கே, முற்று எங்கே என்று கேட்கிறவன் சரியாக வாசிப்பான். நான் இவ்வளவு நேரம் சொல்லிவந்தது இதைத்தான்.

ஃபூக்கோவின் 'இஃப்' வெறும் நடை அலங்காரம், அவர் சொல்ல வந்தது மரணத்தைத்தான் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பந்தயம் கட்டலாம் என்கிறவன் தோற்பேன் என்று நினைத்துக் கட்டமாட்டான். ஆனால் தோற்கவே முடியாத இடத்தில் பந்தயமும் இல்லை. அதே இறுதிப் பகுதியில், மனிதன் அண்மைக்காலக் கண்டுபிடிப்பு என்பதைத் தயக்கமில்லாமல் சொல்கிறார். அவன் முடிவு நெருங்குகிறது என்பதற்கு மட்டும் ஒரு 'ஒருவேளை' சேர்க்கிறார். எதில் கையெழுத்து, எதில் இல்லை என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. பழைய சிற்றிதழ் விவாதங்களை இன்று எடுத்துப் படிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. அந்த எச்சம் எச்சமாகவே வந்து சேர்ந்திருந்தால், மனிதன் செத்தானா இல்லையா என்ற சண்டைக்குப் பதிலாக, எந்த ஏற்பாடுகள் அவை, நம் சூழலில் அவை எப்போதாவது நிலைகொண்டனவா, நிலைகொள்ளாத இடத்தில் சரிவது எது என்ற கேள்விகளுக்கு நாம் போயிருக்கக்கூடும். பிரகடனத்தை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். நிபந்தனையைத்தான் ஆராய முடியும்.

இது கோட்பாட்டுப் புத்தகங்களோடு முடிகிற சங்கதியும் அல்ல. பொது வாழ்க்கையில் இருப்பவர்கள் மன்னிப்புக் கேட்கிற மொழியைக் கவனியுங்கள். 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.' வருந்துகிறேன் என்பது முற்று. புண்பட்டது எச்சத்தில் கிடக்கிறது, அதுவும் 'யாராவது' என்று. புண்பட்டவர்கள் பெயரோடும் முகத்தோடும் எதிரே நிற்கும்போது சொல்லப்படுகிற வாக்கியம் இது. ஆங்கிலத்திலும் இதே தந்திரம்தான். அங்கே 'இஃப் எனிஒன் வாஸ் ஹர்ட்' என்பார்கள், 'வேர்' என்று சொல்லமாட்டார்கள். 'வேர்' போட்டால் யாரும் புண்படவில்லை என்கிற தொனி வந்துவிடும். அது சண்டைக்கு இழுக்கும். 'வாஸ்' போட்டால் ஒத்துக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை. கையெழுத்துப் போடாமல் வாக்கியம் அமைக்கிற கலையை அதிகாரம் எந்த இலக்கணப் புத்தகத்தையும் பார்க்காமலே நன்றாகக் கற்றுவைத்திருக்கிறது. வாசகர்களாகிய நாம்தான் பின்தங்கியிருக்கிறோம். எதிராளி எச்சத்தில் சொன்னதை முற்றாக்கி அவன் தலையில் கட்டுகிறோம்; அதிகாரம் முற்றில் சொல்ல வேண்டியதை எச்சத்துக்குள் தள்ளும்போது அதை மன்னிப்பு என்று ஏற்றுக்கொள்கிறோம்.

ஆகவே மொழிபெயர்க்கிறவர்களிடமும் மேற்கோள் காட்டுகிறவர்களிடமும் நான் கேட்பது சிறிய விஷயம். கலைச்சொல் பட்டியல் போடுங்கள், நல்லது. கூடவே, ஒரு வாக்கியத்தை எடுத்தாளும் முன் அதன் 'இஃப்'களையும் 'தோ'க்களையும் எண்ணிப் பாருங்கள். 'ஆல்தோ' என்றால் 'இருந்தும்'. 'ஈவன் இஃப்' என்றால் 'இருந்தாலும்'. பழைய 'பி' வந்தால் 'இருக்கட்டும்'. எழுத்தாளர் எதற்குக் கையெழுத்துப் போட்டாரோ அதற்கு மட்டும் அவரைப் பொறுப்பாக்குங்கள். அதற்கப்புறம் சண்டை போடலாம். நிறைய மிச்சம் இருக்கிறது.